கண்மாயை யார் கையில் ஒப்படைப்பது?

கார்த்திகை மாதம் ஒரு ராத்திரி, மணி ஒன்று இருக்கும். எங்கள் ஊர்க் கண்மாயின் நடுமடையை ஒட்டிக் கரையின் வெளிப்பக்கம் தண்ணீர் கசிவதை மடையைத் திறந்து மூடி வயல்களுக்குத் தண்ணீர் விடும் நீர்பாய்ச்சிதான் முதலில் பார்த்தார். எழுபது வயதுக்காரர். டார்ச் லைட்டோடு வந்து கதவைத் தட்டினார். நான்கு பேர் ஓடினோம். போன வேகத்தில் கசிகிற இடத்தில் மண்மூட்டையை அடுக்க ஆரம்பித்தோம். அவர் தடுத்துவிட்டார்: "தம்பி, வெளிய மண்ணைப் போட்டுப் பிரயோசனமில்ல. உள்பக்கம் சுழி எங்க இருக்குன்னு மொதல்ல பாருங்க." உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்த்தபோது, கரையிலிருந்து இரண்டு முழம் தள்ளித் தண்ணீர் சின்னதாகச் சுழன்றுகொண்டிருந்தது. வைக்கோலையும் களிமண்ணையும் சாக்கில் திணித்து அந்தச் சுழிக்குள் இறக்கி மிதித்தோம். விடியும்போது கசிவு நின்றிருந்தது.

அந்த இரவு ஓர் அலுவலகத்துக்கும் போன் செய்தோம். மறுநாள் பதினொரு மணிக்கு ஆள் வந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் பொறுப்பில் எத்தனையோ கண்மாய்கள். ஆனால் அதற்குப் பிறகு ஊரில் பேச்சு ஓயவில்லை. நம் கண்மாய்க்குப் பொறுப்பாளி யார்? தண்ணீர் தினத்தை ஒட்டிய கிராம சபையில் அது பெரிய விவாதமாகவே வந்தது. ஐந்து வழிகள் பேசப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் ஆதரவாளர்கள் இருந்தார்கள், யாரும் மற்றவருக்கு விட்டுக்கொடுக்கவில்லை. சிவகங்கைச் சீமையில் எங்களைப் போல எத்தனையோ ஊர்கள் இதே இடத்தில்தான் நிற்கின்றன. அதனால் அந்த ஐந்தையும் ஒன்றோடொன்று வைத்து எழுதிப் பார்க்கிறேன்.

எதைப் பேசினாலும் நான் மூன்று கேள்விகளைத்தான் கேட்டேன். ராத்திரி ஒரு மணிக்கு யார் வருவார்? வருடா வருடம் பணம் எங்கிருந்து வரும்? கண்மாய் பாதி மட்டும் பெருகிய வருடத்தில், வாய்க்காலின் கடைசியில் நிலம் வைத்திருக்கும் கடைமடைக்காரருக்கு யார் தண்ணீர் வாங்கிக் கொடுப்பார்?

முதலில் ஒரு விவரம். தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய், தாங்கல் என்று சுமார் 39,000 பாசன நீர்நிலைகள் இருக்கின்றன. ஆயக்கட்டு, அதாவது கண்மாயால் பாசனம் பெறும் நிலம், 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் பெரும்பாலும் நீர்வளத்துறை (2021-க்கு முன்னால் பொதுப்பணித்துறைக்குள் இருந்தது), அதற்குக் கீழே இருந்தால் ஊராட்சி ஒன்றியம் என்று பொறுப்பு பிரிந்திருக்கிறது. 1960-களின் தொடக்கத்தில் மாநிலத்தின் பாசனப் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கண்மாய்த் தண்ணீரில் விளைந்தது. இன்று பாதிக்கு மேல் கிணறும் ஆழ்குழாயும்தான். கண்மாய் கெட்டதற்கு அரசாங்கத்தின் அலட்சியம் ஒரு காரணம் என்றால், தலைமடையில் போர் (ஆழ்குழாய்க் கிணறு) போட்டவருக்குக் கண்மாய் தேவைப்படாமல் போனது இன்னொரு காரணம். இந்த இரண்டாவதை யாரும் கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லாமல் எந்த ஏற்பாடு செய்தாலும் நிற்காது.

துறையே பார்க்கட்டும்

பெரியவர்கள் பலர் இதைத்தான் சொன்னார்கள். அதில் நியாயம் இருக்கிறது. எங்கள் கண்மாய் தனியாக நிற்கவில்லை. மேலே உள்ள கண்மாய் நிறைந்து, உபரித் தண்ணீர் வழியும் கலுங்கு பாய்ந்தால்தான் எங்களுக்குத் தண்ணீர். எங்கள் கலுங்கு பாய்ந்தால் கீழூருக்கு. வைகைப் படுகை முழுக்க இப்படிச் சங்கிலியாகத்தான் கண்மாய்கள் கிடக்கின்றன. கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் நான்கு ஊர் எல்லை தாண்டி வருகிறது. நடுவில் ஒருவர் அதை மேடாக்கி வீடு கட்டிவிட்டால் எங்கள் ஊர்க் கமிட்டி போய் என்ன செய்ய முடியும்? அடிதடிதான் மிச்சம். அளவையரைக் கூட்டி வந்து அளந்து, நோட்டீஸ் கொடுத்து, எடுக்க வைக்கும் அதிகாரம் அரசிடம்தான் இருக்கிறது. 2007-ல் வந்த ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் அதற்காகவே வந்தது. ஆனால் அது பொதுப்பணித்துறை ஏரிகளுக்கான சட்டம். ஒன்றியத்துச் சின்னக் கண்மாய்களுக்கு 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டத்தைத்தான் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. சின்னக் கண்மாய் வைத்திருக்கும் ஊர்க்காரர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். மனுவில் தவறான சட்டத்தைக் குறிப்பிட்டால் அது அங்கேயே தூங்கிவிடும்.

பெரிய வேலையும் துறையால்தான் ஆகும். உலக வங்கிக் கடனில் 2007-ல் தொடங்கிய நீர்வள நிலவளத் திட்டத்தில் எத்தனையோ கரைகள் பலப்பட்டன, மடைகள் மாறின. தெலுங்கானாவில் மிஷன் காகதீயா என்று 46,000-க்கும் மேற்பட்ட குளங்களைச் சீரமைக்க மாநில அரசே திட்டம் போட்டது. தூர்வாரிய வண்டலை விவசாயிகள் தங்கள் வயலுக்கு அடித்துக்கொண்டார்கள். இவ்வளவு பெரிய அளவில் ஓர் ஊரோ தொண்டு நிறுவனமோ செய்ய முடியாது.

சரி, அப்புறம் என்ன? மடைக்குப் புது ஷட்டர் வந்தது. மூன்றாம் வருடம் அதன் திருகு துருப்பிடித்து இறுகிவிட்டது. கிரீஸ் வைக்க ஆளில்லை. கிரீஸ் டப்பா என்ன விலை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதற்கு மதிப்பீடு போட்டு, ஒப்புதல் வாங்கி, வேலை விட வேண்டும் என்றால் அது ஒரு கிரீஸ் டப்பா வேலையாக இருக்காது. துறை கட்டும், தினமும் பார்க்காது. பார்க்கவும் அதனால் முடியாது. என்னுடைய மூன்று கேள்விகளில் துறைக்கு ஒன்றும் தேறவில்லை. ஆனால் அந்தக் கேள்விகளுக்குள் வராத வரத்துக்காலும் ஆக்கிரமிப்பும் துறை இல்லாமல் தீராது.

ஊராட்சியிடம் கேட்டு வாங்கலாம்

1992-ன் 73-ஆவது அரசியல் சாசனத் திருத்தம் சிறுபாசனத்தையும் நீர் மேலாண்மையையும் ஊராட்சிகளுக்கு உரிய பொருள்களின் பட்டியலில் வைத்தது. 1994-ல் நம் மாநில ஊராட்சிகள் சட்டமும் வந்தது. இந்த வழியில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், நிலமில்லாதவருக்கும் வாக்கு இருக்கிறது என்பது. கண்மாயில் மாடு குளிப்பாட்டுபவர், துணி வெளுப்பவர், உள்வாயில் ஆடு மேய்க்கும் கீதாரி, தண்ணீர் வற்றும்போது நான்கு கெண்டை பிடித்துக் குழம்பு வைப்பவர் எல்லோருக்கும் கண்மாய் வேண்டும். கண்மாய் ஆயக்கட்டுக்காரருக்கு மட்டும் சொந்தமில்லை. கிராம சபை என்ற ஒரு இடத்தில்தான் இவர்கள் எழுந்து நின்று கேட்க முடியும்.

ஆனால் நடைமுறையைப் பாருங்கள். 2016 அக்டோபரில் உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்தது. எங்கள் மாவட்டம் உட்பட 27 மாவட்டங்களில் தேர்தல் நடந்தது 2019 டிசம்பரில். நடுவில் மூன்று வருடம் தலைவர்களுக்குப் பதிலாக அரசு வைத்த தனி அலுவலர்கள்தான். அந்தப் பதவிக்காலமும் 2025 ஜனவரியில் முடிய, மறுபடி தனி அலுவலர்கள் வந்தார்கள். ஒரு தனி அலுவலர் பல ஊராட்சிகளைப் பார்ப்பார். ஊராட்சியை நம்பி மடைச் சாவியைக் கொடுத்தால், இது மாதிரிக் காலத்தில் சாவி யாரிடம் இருக்கும்? மழைக்குத் தனி அலுவலர் காலம், தலைவர் காலம் என்று தெரியாது. ஐப்பசி பிறந்தால் வந்துவிடும்.

பணமும் இடிக்கிறது. குடிதண்ணீர் மோட்டார், தெருவிளக்கு, தூய்மைப் பணியாளர் சம்பளம் எல்லாம் போகக் கண்மாய்க்கு மிஞ்சுவது சொற்பம். நூறு நாள் வேலையில் கண்மாய்க்குள் மண் எடுத்தது உண்மை. ஆனால் ஆளுக்கு இவ்வளவு கனஅடி என்று கணக்குக் காட்டத் தோதான இடத்தில்தான் வெட்டினார்கள். தண்ணீர் கேட்கிற இடத்தில் வெட்டவில்லை. அது வேலை செய்தவர்களின் குற்றமில்லை. எங்கே வெட்ட வேண்டும் என்று நீர்பாய்ச்சியிடம் யாரும் கேட்கவில்லை.

சட்டப்படி நீரைப் பயன்படுத்துவோர் சங்கம்

ஆந்திரா 1997-ல் விவசாயிகளுக்கே பாசன நிர்வாகம் என்று சட்டம் போட்டுப் பல ஆயிரம் சங்கங்களுக்குத் தேர்தல் நடத்தியது. நம் மாநிலம் 2000-ல் அதைப் பின்தொடர்ந்தது. பாசன முறைகளை விவசாயிகள் மேலாண்மை செய்தல் சட்டம் என்று பெயர். ஆயக்கட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலிருந்தும் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்து, தலைவரையும் தேர்ந்தெடுப்பார்கள். தலைமடை, நடுமடை, கடைமடை மூன்றுக்கும் பிரதிநிதி கிடைக்கும். இந்த ஏற்பாடு நல்ல ஏற்பாடு. கடைமடைக்காரர் குரல் இதில்தான் சட்டப்படி ஏறுகிறது. ஆயக்கட்டு இரண்டு ஊராட்சிகளில் பரவிக் கிடந்தாலும் பிரச்சினை இல்லை, ஏனென்றால் எல்லை தண்ணீரைப் பின்பற்றுகிறது.

குறை எங்கே என்றால், நில உரிமைதான் வாக்கு. எங்கள் ஊரில் இன்று மண்வெட்டி பிடிப்பவர்களில் பலர் குத்தகைக்காரர்கள். பட்டாக்காரர் திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். வயலில் நாள் முழுக்க நிற்கும் பெண்களின் பெயரில் பட்டா இருப்பது அபூர்வம். வாக்கு ஒருவரிடம், வேலை இன்னொருவரிடம் என்றால் சங்கம் காகிதத்தில்தான் இருக்கும். தேர்தலையும் அரசுதான் நடத்த வேண்டும். அது தள்ளிப்போனால் சங்கமும் தள்ளாடும். எல்லாவற்றுக்கும் மேல், சங்கத்துக்கென்று நிரந்தர வருமானம் கிடையாது. ஒரு திட்டம் வரும்போது ரப்பர் ஸ்டாம்ப் வெளியே வரும், திட்டம் முடிந்தால் டிராயருக்குள் போய்விடும். பக்கத்து ஊர்ச் சங்கம் ஒன்றின் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். கடைசித் தீர்மானத்துக்குப் பிறகு அறுபது பக்கம் வெள்ளையாக இருந்தது.

2017-ல் அரசு குடிமராமத்து (ஊர்க்காரர்களே சேர்ந்து செய்யும் மராமத்து) என்ற பெயரை மீட்டு, முதல் கட்டமாக 100 கோடி ரூபாய் ஒதுக்கியபோது ஆயக்கட்டுதாரர் சங்கங்கள் மூலம் வேலை நடக்கும், பத்து சதவீதம் பங்களிப்பு பணமாகவோ உழைப்பாகவோ விவசாயிகளிடமிருந்து வரும் என்று சொன்னார்கள். எண்ணம் சரியானது. சங்கம் ஏற்கெனவே உயிரோடு இருந்த ஊர்களில் வேலை சுத்தமாக நடந்தது. வேலைக்காகவே அவசரமாகச் சங்கம் கட்டிய ஊர்களில், சங்கத்தின் பெயரில் ஒப்பந்தக்காரரே வேலையைப் பார்த்தார். பத்து சதவீதம் எங்கிருந்து வந்தது என்று ஊருக்குத் தெரியவில்லை.

பழைய ஊர் முறை

ஊர்க்கூட்டம், குடும்பத்துக்கு இவ்வளவு என்ற தலைக்கட்டு வரி, நீர்பாய்ச்சி. எங்கள் தாத்தா காலத்து முறை. உத்திரமேரூர்க் கல்வெட்டை எல்லோரும் குடவோலைக்காக நினைவில் வைத்திருக்கிறார்கள். பராந்தகச் சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டியது. அதில் ஏரி வாரியம் என்று ஆறு பேர் கொண்ட குழு தனியாக இருந்தது. எனக்கு அதில் பிடித்த விதி வேறு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வரக் கூடாது. அவர் மட்டுமில்லை, அவருடைய நெருங்கிய உறவினர்களும் கூடாது. ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்னால், கணக்குக் கொடுக்காதவன் தம்பியை நிறுத்தி ஜெயிக்க வழியில்லாமல் அடைத்திருக்கிறார்கள். இந்த ஒரு விதியை இன்று எங்கள் சங்கத்தின் துணைவிதிகளில் எழுதினாலே பாதிச் சண்டை குறையும்.

இந்த முறையின் பலம் நீர்பாய்ச்சி. காஞ்சிபுரம் பக்கம் நீர்க்கட்டி என்பார்கள், கம்புகட்டி என்பாரும் உண்டு. எந்த மடையை எத்தனை திருகு திறந்தால் எந்த வயலுக்கு எந்நேரம் தண்ணீர் போய்ச் சேரும் என்று அவருக்குத் தெரியும். தண்ணீர் குறைந்த வருடத்தில் முறை வைத்துப் பாய்ச்சுவார். வயல்காரர் தானாக வாய்க்காலை வெட்டக் கூடாது. என் முதல் கேள்விக்கும் மூன்றாவது கேள்விக்கும் இந்த முறை ஒன்றுதான் பதில் வைத்திருக்கிறது.

ஆனால் இதைப் பொற்காலமாகப் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. குடிமராமத்து எல்லா இடத்திலும் மனமுவந்து நடந்த வேலை அல்ல. 1858-ல் வெள்ளைக்காரன் கட்டாய உழைப்புச் சட்டம் என்றே பெயர் வைத்து மதராஸ் மாகாணத்தில் சட்டம் போட்டான். கரை உடையும் ஆபத்து வந்தால் ஊர்க்காரர்களைக் கட்டாயமாக வேலைக்கு இழுக்கலாம், வழக்கப்படி செய்ய வேண்டிய மராமத்தைச் செய்யாதவரிடம் பணம் வசூலிக்கலாம். அதற்கு முன்பும் மண் சுமந்தது யார், கரையில் நின்று மேற்பார்வை பார்த்தது யார் என்று நமக்குத் தெரியும். நீர்பாய்ச்சி வேலை பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட சாதியின் தலையில் பரம்பரையாக ஏற்றப்பட்டது. களத்து நெல்லில் கூலி வாங்கக் கைகட்டி நின்றார்கள். மடை திறந்து ஊருக்கே சோறு போட்டவரை மடையன் என்று சொன்னால், அது இன்று வசவாகத்தான் கேட்கிறது. எங்கள் நீர்பாய்ச்சியின் மகன் கோயம்புத்தூரில் லேத் பட்டறையில் இருக்கிறான். "இந்த வேலைக்கு நீ வர வேணாம்" என்று அப்பாவே அனுப்பிவைத்தார். அவர் செய்தது சரி. நெல்லுக்கும் மரியாதைக் குறைவுக்கும் ஒரு படித்த பையன் ஏன் திரும்பி வர வேண்டும்?

பழைய முறையின் அறிவை எடுத்துக்கொண்டு அதன் சாதியை விட்டுவிட முடியுமா? முடியும் என்பதற்கு ஓரளவு உதாரணம் இருக்கிறது. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை 1990-களிலிருந்து வயலகம் என்ற பெயரில் கண்மாய் விவசாயிகளை ஊர் ஊராக அமைப்பாக்கி வருகிறது. பதிவு, வங்கிக் கணக்கு, சேமிப்பு, ஒரே ஓடையில் உள்ள கண்மாய்களின் சங்கங்களைச் சேர்த்துக் கூட்டமைப்பு என்று போகிறது அது. மேலூரும் கீழூரும் ஒரே பாயில் உட்காரும் அந்தக் கூட்டமைப்புதான் பழைய ஊர் முறையில் இல்லாத ஒன்று.

வெளியிலிருந்து வருபவர்கள்

ஐந்தாவது வழி, ஒரு கம்பெனியின் சமூகப் பொறுப்பு நிதியில் தூர்வாரித் தருகிறோம் என்று வந்த யோசனை. இளைஞர்களுக்கு இதில்தான் ஆர்வம். நான்கு பொக்லைன், பத்து டிப்பர், இரண்டு மாதம், திறப்பு விழா. இதைப் பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை. வந்தால் வாங்கிக்கொள்ளலாம், பொறுப்பாளி என்று சொல்ல முடியாது. அவர்கள் ஒருமுறைதான் வருவார்கள்.

ஆனால் இந்த யோசனையால் ஒரு கணக்குப் போட வேண்டி வந்தது. அது எங்கள் விவாதத்தையே திருப்பிவிட்டது. தண்ணீர் நிற்கும் பரப்பு 100 ஏக்கர் உள்ள ஒரு கண்மாயை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஓர் அடி ஆழத்துக்கு வண்டல் எடுத்தால் 43.56 லட்சம் கனஅடி. டிராக்டருக்கு ஒரு யூனிட், அதாவது 100 கனஅடி என்றால் 43,560 நடை. நாளைக்கு 200 நடை அடித்தாலும் 218 நாள். கண்மாய் காய்ந்து கிடப்பதே மூன்று நான்கு மாதம்.

அதே கண்மாயில் ஒரு மடை சரியாக மூடாமல் வினாடிக்கு ஐந்து லிட்டர் ஒழுகுகிறது என்று வையுங்கள். மூன்று வினாடியில் ஒரு பிளாஸ்டிக் குடம் நிறையும் ஒழுக்கு. கரையில் நடந்து போகிறவர் கண்ணுக்குப் பெரிதாகவே தெரியாது. ஒரு நாளைக்கு 4.32 லட்சம் லிட்டர். தை, மாசி, பங்குனி மூன்று மாதத்தில் கிட்டத்தட்ட 3 கோடியே 89 லட்சம் லிட்டர். கனஅடியில் சொன்னால் 13.7 லட்சத்துக்கு மேல். அவ்வளவு தண்ணீருக்கு இடம் பண்ண வேண்டும் என்றால் 13,700 டிராக்டர் மண் எடுக்க வேண்டும். ஷட்டரின் ரப்பரை மாற்றித் திருகுக்குக் கிரீஸ் வைத்தால் அது நிற்கும்.

இதற்காக வண்டல் எடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. கரம்பை மண் வயலுக்கு உரம். அதை எடுக்க விவசாயிக்கும் மண்பாண்டத் தொழிலாளிக்கும் அரசு கட்டணமில்லாமல் அனுமதி தருகிறது. 2024-லிருந்து வட்டாட்சியர் அளவிலேயே வாங்கிக்கொள்ளலாம். ஆனால் எங்கே வெட்டுவது என்பது முக்கியம். மடையின் அடிமட்டத்துக்குக் கீழே எவ்வளவு ஆழமாகக் குழி பறித்தாலும் அந்தத் தண்ணீர் மடை வழியாக வயலுக்கு வராது. மாட்டுக்கும் மீனுக்கும் ஊற்றுக்கும் ஆகும், நாற்றுக்கு ஆகாது. கரையடியில் வெட்டினால் கரையே சரியும். செங்கல் சூளைக்கு மண் வேண்டியவர் கரைக்குப் பக்கத்தில்தான் வெட்டப் பார்ப்பார், லாரி அங்கேதான் சுலபமாக நிற்கும். அதைத் தடுக்க அங்கே ஒரு ஆள் வேண்டும். மறுபடியும் நீர்பாய்ச்சியிடம் வந்து நிற்கிறோம்.

நான் எதற்குக் கை தூக்கினேன்

எந்த ஒரு கையிலும் முழுதாகக் கொடுக்க வேண்டாம் என்பதுதான் என் கட்சி. மடைக்கு மேலே ஒருவர், மடைக்குக் கீழே ஒருவர், கணக்குக்கு ஒருவர்.

வரத்துக்கால், ஆக்கிரமிப்பு, கரையின் பெரிய மராமத்து, மேலூரோடு தண்ணீர்ப் பங்கு ஆகியவை துறையிடமே இருக்கட்டும். உரிமையும் அரசிடமே இருக்க வேண்டும். சங்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் நாளைக்கு யாராவது அந்தச் சங்கத்தையே வாங்கிவிடுவார்.

மடையைத் திறப்பது, மூடுவது, முறை வைப்பது, மடைக்கால் வெட்டுவது, வருடா வருடம் சித்திரையில் கரையில் முளைத்த சீமைக்கருவேலைத் தூரோடு பிடுங்குவது, ஐப்பசிக்கு முன்னால் மணல்மூட்டை அடுக்கி வைப்பது இவையெல்லாம் ஆயக்கட்டுச் சங்கத்திடம். 1975-ஆம் ஆண்டின் சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிவு செய்த அமைப்பாக இருந்தால் போதும், 2000 சட்டத்துத் தேர்தலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இதில் குத்தகைக்காரரும் உறுப்பினர். கணவன் பெயரில் பட்டா இருந்தாலும் உழுகிற வீட்டின் சார்பில் மனைவியே உறுப்பினராகலாம் என்று எழுத வேண்டும். பொதுக்குழுவில் நிலமில்லாத குடும்பங்களுக்கும், மேய்ச்சல்காரர்களுக்கும் இடம் வேண்டும்.

கணக்கு மட்டும் கிராம சபையில் வாசிக்கப்பட வேண்டும். சங்கம் தனக்குத் தானே கணக்குச் சொல்லிக்கொள்ளக் கூடாது.

பணத்துக்கு வருகிறேன், இதில்தான் கூட்டத்தில் சத்தம் கூடியது. கண்மாய்க்கு வருமானம் இருக்கிறது, அது கண்மாய்க்குத் திரும்புவதில்லை. மீன்பாசி ஏலம் (மீன் பிடிக்கும் உரிமைக்கான ஏலம்) ஒரு பக்கம், கண்மாய்க்குள் நட்ட நாட்டுக்கருவேல மரம் இன்னொரு துறை. மீன்பாசி ஏலத் தொகையில் ஒரு பங்கு அந்தக் கண்மாயின் மராமத்துக்கே என்று எழுதி வாங்காமல் எந்தச் சங்கமும் ஐந்து வருடம் தாண்டாது. கலெக்டரிடம் மனு கொடுப்பதாக இருந்தால் முதல் வரியாக இதைத்தான் எழுதுவேன்.

இரண்டாவது, ஏக்கர் வரி. போர் வைத்திருப்பவரும் கொடுக்க வேண்டும். "நான் கண்மாய்த் தண்ணியே பாய்ச்சுறதில்லையே, நான் ஏங்க குடுக்கணும்?" என்று ஒரு மாமா எழுந்து கேட்டார். கண்மாய் பெருகாத வருடம் அவர் போரில் எத்தனை மணி நேரம் தண்ணீர் வந்தது என்று அவர் பங்காளியே திருப்பிக் கேட்டார். மாமா உட்கார்ந்துவிட்டார். இலவச மின்சாரத்தில் ஓடுகிற மோட்டாருக்குக் கீழே ஊறி நிற்பது கண்மாய்த் தண்ணீர்தான். ஏக்கருக்கு இவ்வளவு என்று எல்லோருக்கும் ஒரே கணக்கு, தலைமடை, கடைமடை என்ற பேதம் இல்லாமல்.

ஒரு சிலர் வேறு யோசனையும் சொன்னார்கள். மடையையே நிரந்தரமாக அடைத்துவிடலாம், கண்மாய் கிணறுகளுக்கு ஊற்றாக மட்டும் இருக்கட்டும் என்று. வறண்ட பகுதிகளில் இப்படிச் செய்த ஊர்கள் உண்டு. எல்லா வீட்டிலும் கிணறு இருக்கும் ஊரில் அதற்கு அர்த்தம் இருக்கலாம். எங்கள் கடைமடையில் பத்துப் பதினைந்து வீட்டுக்குக் கிணறு கிடையாது, போர் போடக் கடன் வாங்கும் தெம்பும் கிடையாது. மடையை அடைத்தால் அவர்கள் நிலத்தை விற்பார்கள். அதை வாங்குபவர் யார் என்றும் தெரியும். அதனால் நான் இதை எதிர்த்தேன், இனியும் எதிர்ப்பேன்.

உங்கள் ஊரில் நிலைமை வேறாக இருந்தால் தீர்ப்பும் மாறும். ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடந்தால் பதிவுச் சங்கம் ஒரு கட்சியின் கைக்குத்தான் போகும். அங்கே 2000 சட்டத்துச் சங்கமும் அதிகாரி நடத்தும் தேர்தலும்தான் பாதுகாப்பு, தாமதமானாலும் பரவாயில்லை. ஆயக்கட்டு 100 ஏக்கருக்குக் கீழே, எல்லாம் ஒரே ஊராட்சிக்குள் என்றால் ஊராட்சியும் சங்கமும் கிராம சபைத் தீர்மானம் போட்டுச் சேர்ந்து நடத்துவது சுலபம். ஆயக்கட்டு முழுக்கப் பிளாட் ஆகிவிட்ட நகரத்து ஏரி என்றால் இந்த விவாதமே அங்கே பொருந்தாது. அங்கே சாக்கடைதான் முதல் எதிரி, மாநகராட்சியைத்தான் பிடிக்க வேண்டும்.

கிராம சபையில் எல்லாம் முடிந்துவிடவில்லை. மூன்று விஷயம் தீர்மானமாக எழுதப்பட்டது. நடுமடை ஷட்டரை ஆடிக்குள் மாற்றுவது. கணக்குக் காட்டாதவரும் அவர் வீட்டாரும் பொறுப்புக்கு வரக் கூடாது என்ற விதி. நீர்பாய்ச்சிக்குப் புரட்டாசியிலிருந்து மாசி வரை மாதச் சம்பளம், பணமாக, வங்கிக் கணக்கில். அந்த வேலைக்கு யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம், எந்தத் தெருவிலிருந்தும். பெரியவர் ஒரு வருடம் கூட இருந்து சொல்லிக் கொடுப்பார். அதற்கும் சம்பளம் உண்டு.

ஏக்கர் வரி எவ்வளவு என்பது மட்டும் நிற்கிறது. ஐந்நூறு என்று ஒரு தரப்பு, இருநூறு என்று ஒரு தரப்பு. வைகாசியில் மீன்பாசி ஏலத்துக்கு முன்னால் மறுபடி கூடுகிறோம். நீர்பாய்ச்சி வேலைக்கு விண்ணப்பம் இதுவரை இரண்டு வந்திருக்கிறது. அதில் ஒன்று கடைமடையில் குத்தகைக்கு உழுகிற ஓர் அக்காவுடையது. போன வாரம் அவர் பெரியவரோடு கரையில் நடந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். நடுமடையில் நின்று திருகை எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.